சத்தம் போட்ட ஒஸ்ரின்

“சுத்தின ரப்பர் எங்கை, அண்ணை? மூண்டாந்தரம் இது. திரும்பத் திரும்ப வேலை வரட்டுமெண்டு நீங்கள்தானே கழட்டிறியள்?”

கார்ச் சொந்தக்காரர் சீவரத்தினம் இப்படிக் கேட்டதும் கராஜ்காரர் சந்தியோகுவின் முகம் கறுத்துப்போனது.

“விசர்க்கதை கதையாதையும். இனி உம்மடை காரை நான் தொடமாட்டன்.”

நெடுநாள் சிநேகிதம் அத்தோடு முறிந்தது.

ஷெல் விழுந்த றோட்டுக்குத் தாங்கட்டும் என்று பழைய ஒஸ்ரின் காருக்கு உயரமான ஸ்பிறிங் போட்டதில் பிடித்த சனி. பள்ளம் தோறும் ‘கிரீச்’ என்று ஊரைக் கூட்டியது. கிழட்டுப் பற்றரியால் ஹோர்ன் ஊமையாகி நாளாயிற்று. அந்தக் குறையை ஸ்பிறிங் தீர்த்துவைத்தது.

“தலை இடிக்குது தம்பி. உந்தச் சத்தத்தை நிப்பாட்டும்,” என்று முதலில் முறைப்பட்டதே மருத்துவிச்சி அருமைநாயகிதான். பிள்ளைப்பேறு பார்க்க அவரை ஊர் ஊராய் ஏற்றித் திரிவதுதான் சீவரத்தினத்தின் பிழைப்பு. கார் நிற்பதும் அவர் வீட்டு வளவில்தான்.

பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் ரியூப்புக்கு எங்கே போவது? எப்படியோ தேடி, கீலமாய் வெட்டி, ஸ்பிறிங்கில் சுற்றினார் சந்தியோகு. சத்தம் நின்றது. இரண்டு நாளில் மறுபடி கிரீச். ரப்பரைக் காணோம். திரும்பவும் இரண்டு தரம் சுற்றியும் அதே கதைதான். அறுந்திருந்தால் ஒரு துண்டாவது தொங்காதா? சீவரத்தினத்துக்கு ஒன்றும் பிடிபடாமல், சந்தேகம் சந்தியோகுவிலேயே விழுந்தது.

சண்டைக்கு அடுத்த நாள் உடுப்பிட்டியிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு அழைப்பு. அருமைநாயகியை ஏற்றிக்கொண்டு கிரீச்சிட்டபடி ஒழுங்கைக்குள் திரும்பினால், படலை ஏற்கெனவே திறந்திருந்தது.

“சத்தம் கேட்டது அக்கா,” என்று ஓடிவந்தான் வீட்டுக்காரன். “கேட்டவுடனை என்ரை மனிசி அழுகையை நிப்பாட்டிட்டாள். அண்டைக்குப் பூரணத்தின்ரை வீட்டுக்குச் சத்தமில்லாமல் வந்தியள். நீங்கள் வரமாட்டியள் எண்டு பயந்து, அதுக்குள்ளை அவளை ஆசுப்பத்திரிக்கு வண்டிலிலை ஏத்திக்கொண்டு போட்டினம். சத்தம் கேட்டிருந்தால் நிண்டிருப்பினம்.”

சீவரத்தினம் குழம்பியபடியே அருமைநாயகியின் வெற்றிலைப் பன்பையைத் தூக்கினார். உள்ளே, பத்திரமாகச் சுருட்டிய கறுப்பு ரப்பர்க் கீலங்கள்.

சந்தியோகுவின் கறுத்த முகம் கண்முன் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“என்னட்டை ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“நிப்பாட்டச் சொன்னதே நான். பிறகு எந்த முகத்தோடை சொல்லுறது?”

“அப்ப உங்கடை தலையிடி?”

“இப்பவும் இடிக்குது,” என்றபடி உள்ளே விரைந்தார் அருமைநாயகி. “எனக்கு மட்டும்தானே, தம்பி.”