ரெண்டு நாலு

மகளின் வளைகாப்பு. மகளுக்கு அடுக்கி முடித்த வளையல்காரர், அம்மா பூங்கோதையின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“பெரிய சைஸ், ரெண்டு ஆறு போடட்டுமாம்மா?”

“கல்யாணத்துலேர்ந்து எனக்கு ரெண்டு நாலுதான்.”

மாதவிலக்கு நின்றபின் எலும்பு சல்லடையாகிவிட்டதென்று டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருந்தார். “கேன்சர் வரும்” என்று நாத்தனார் மிரட்டியதில் அந்த அட்டை பிரிக்காமலே பீரோவில் கிடந்தது.

வளையல்காரர் அவள் விரல்களைக் குவித்து, அமுக்கி, கண்ணாடி வளையல்களை உள்ளே தள்ளினார். ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“ஐயையோ, நல்ல நாளும் அதுவுமா வளையல் உடைஞ்சிடுச்சா?” நாத்தனார் பாயைத் தடவித் தேடினாள். மகளின் முகம் வெளுத்தது.

பூங்கோதை பல்லைக் கடித்தபடி கையை உயர்த்திக் காட்டினாள்.

“பாருங்க, ஒண்ணும் உடையல.”

வளையல்கள் முழுசாக இருந்தன. எல்லோரும் சிரித்தார்கள்.

“அந்தக் கையையும் குடுங்கம்மா,” என்றார் வளையல்காரர்.