ஹார்ன் பக்கத்துப் போல்ட்

இது நான் நேரில் பார்த்ததல்ல. என் அறை நண்பன் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

அருளப்பனுக்கு பாங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெக்கானிக். இருபது வருடமாக ஒரே கம்பெனி கார்தான் வாங்குவார். "எங்க வண்டி கெட்டே போகாது" என்று எல்லோரிடமும் பெருமையடிப்பார். அது உண்மையிலேயே கெட்டுப்போகவில்லை. பிரித்துப் பார்க்க எதுவுமில்லாமல் சலித்துப்போன அவர், காரை விற்க முடிவு செய்தார்.

கார் டூல்பாக்ஸில் கிடந்த ஸ்பேனரிடம் அழுதது. "ஸ்பேனர் அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒழுங்கா ஓடினதுதான் தப்பு. பக்கத்து வீட்டு ஜீப்பைப் பாரு, வாரா வாரம் மக்கர் பண்ணுது. அந்த வீட்டுக்காரர் அதைத் தடவிக்கொடுத்துக்கிட்டே இருக்கார்" என்றது ஸ்பேனர்.

"அப்போ என் ஹார்ன் போல்ட்டைக் கொஞ்சம் லூசா விடுங்கண்ணே."

"நானா? என் இடுப்பில கம்பெனி பேரே பொறிச்சிருக்கு தம்பி! நான் இறுக்கினது எதுவும் கழன்றதே இல்லை."

கார் மறுபடியும் அழுதது. ஸ்பேனருக்கு மனசு கேட்கவில்லை. விற்பதற்கு முன் அருளப்பன் கடைசியாக ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கியபோது, ஹார்ன் பக்கத்தில் மட்டும் அது வேண்டுமென்றே வழுக்கியது.

வண்டி கிளம்பியதும் கடகடவென்று சத்தம். அருளப்பன் முகம் மலர்ந்தது. "எஞ்சின்லதான்! உள்ளே என்னமோ இருக்கு!" என்று சட்டைக் கையை மடித்தார்.

பிறகு நானே போய் விசாரித்தேன். வண்டியை அவர் விற்கவில்லை. எஞ்சினை மூன்று முறை பிரித்து மாட்டியிருக்கிறார். ஹார்ன் பக்கம் அவர் கை இன்னும் போகவில்லை.