எழுதியவர் பெயர்

அந்த டிவி தொடரை முப்பத்தொன்பது வாரமாக நான்தான் எழுதுகிறேன். திரையில் வருவது என்னை வேலைக்கு வைத்திருக்கும் நாடக ஆசிரியரின் பெயர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். "என்னடி, உன் பேரையே காணோம்?" என்று அம்மா வாரா வாரம் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று கேட்டே விடுவது என்று அவர் அறைக்குப் போனேன். அவர் எழுதிய பழைய வானொலி நாடகம் ஒன்று டேப்பில் ஓடிக்கொண்டிருந்தது. உறையில் இருந்த தேதி, நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முந்தையது.

"சார், இந்த வாரம் என் பேர் வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

"உக்காரும்மா. முடியப்போகுது."

நாடகம் முடிந்தது. அறிவிப்பாளர் நடித்தவர்களின் பெயர்களை வாசித்தார். கடைசியில், "எழுதியவர்" என்று சொல்லி என் பெயரை வாசித்தார். அப்பாவின் இனிஷியலோடு, போன வருடம் நான் வாங்கிய எம்.ஏ. பட்டத்தையும் சேர்த்து வாசித்தார்.

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வானொலிக்கு நாப்பது நாடகம் எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் இந்தப் பேரைத்தான் வாசிச்சாங்க. சண்டை போட்டுப் பாத்தேன். வெறுத்துப்போய்தான் டிவிக்கு வந்தேன்."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"உன்மேல தப்பில்லம்மா. இதுவரைக்கும் எத்தனை எழுதியிருக்க?"

"முப்பத்தொன்பது."

"அப்ப இன்னும் ஒண்ணுதான்," என்று வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.