கொக்கு நிறுத்திய வரிசை

கடைசியில் ஒரு சிரிப்பு உண்டு. உடனே தரமாட்டேன், முதலில் கொக்கு வரிசையை நிறுத்தி முடிக்கட்டும்.

கோடையில் காட்டில் மிஞ்சியது ஒரே குட்டை. எருமை இறங்கிவிட்டால் வெறும் சேறுதான், பிறகு அணில்கள் நாக்கைக்கூட நனைக்க முடியாது. அதனால் யானை கொக்கிடம் ஒரு விதி சொல்லிவிட்டு மேயப் போனது: "உருவத்துல சின்னவங்க முதல்ல. ஒரே உருவமா இருந்தா, அதுல வயசானவங்க முதல்ல."

கொக்கு இரண்டு அணில், இரண்டு மான், ஒரு எருமை என்று நிறுத்தியது. இளம் அணில், அதே உருவமுள்ள கிழட்டு அணிலுக்கு முன்னால் நின்றது.

புளியமரத்தில் இருந்த மைனாவாகிய நான் யானைக் குரலில் கனைத்தேன். "என்னய்யா கொக்கு, வயசுக்கு மரியாதை இல்லையா?"

"மன்னிக்கணும் ஐயா." அணில்களை மட்டும் இடம் மாற்றாமல், மொத்த வரிசையையும் கலைத்து வயதுப்படி அடுக்கியது கொக்கு. எருமை முதலில் வந்தது.

"சின்னவங்க முதல்லன்னு சொன்னேனே?"

மறுபடி கலைத்தது. அவசரத்தில் இளம் அணிலே முன்னால் போயிற்று.

"வயசு?"

"உருவமா வயசா, ஒண்ணைச் சொல்லுங்க ஐயா."

"ரெண்டும்தான்யா."

தலைசுற்றிப்போன கொக்கு எருமையை மறுபடி முன்னால் விட்டது. எருமை குட்டைக்குள் வைக்க ஒரு காலைத் தூக்கியது. கிழட்டு அணில் கண்ணை மூடிக்கொண்டது.

"என்னய்யா முழிக்கிற?" என்றேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையில் யானை வந்து நின்றது, வாய் நிறைய மூங்கில் இலையோடு. கொக்கு அந்த வாயைப் பார்த்தது. பிறகு மெதுவாகப் புளியமரத்தைப் பார்த்தது.

"எருமையண்ணே, காலைத் தண்ணியில வச்சிடாதீங்க. டேய் மைனா, கீழ இறங்கு."