ஒட்டாத புள்ளிகள்

"அந்த மேட்ட மட்டும் எடுத்துடாதம்மா!"

அன்வருதீன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களில் அப்படியொரு பதற்றம்.

வெரோனிகா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். செயற்கை மூக்கும் காதும் செய்கிற அந்தச் சின்ன லேப் சாரம் பகுதியில் இருந்தது. புற்றுநோய் வந்து அன்வருதீனின் மூக்கை அகற்றியிருந்தார்கள். அதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன், கம்ப்யூட்டர் திரையில் வெறும் புள்ளிகளாய்ச் சிதறிக் கிடந்தது. அவற்றின் மேல் வழவழப்பான ஒரு பரப்பைப் போர்த்தினால் பழைய மூக்கு கிடைத்துவிடும். பரப்போடு ஒட்டாமல் துருத்தும் புள்ளிகளைப் பிழையென்று கம்ப்யூட்டரே தள்ளிவிடும்.

"ஸ்கேன் எடுக்கறப்ப அசைஞ்சிருப்பீங்க பாய். அதான் மேடு மாதிரி காட்டுது. எடுத்துட்டா மூக்கு அழகா வரும்."

"அழகு வேணாம்மா. சின்ன வயசுல கிரிக்கெட் பந்து பட்டு உடைஞ்ச எடம் அது."

"போட்டோவுல தெரியவே இல்லியே?"

"போட்டோவுல தெரியாது."

வெரோனிகாவுக்குக் கலக்கமாக இருந்தது. பரப்பு எல்லாப் புள்ளிகளையும் தொட்டுப் போனால் அவர் அசைந்ததும் சேர்ந்து மூக்காகிவிடும். இழைத்தாலோ மேடு காணாமல் போய்விடும். எது அசைவு, எது மூக்கு? மாற்றி மாற்றிப் போர்த்திப் பார்த்தாள்.

"ஆப்பரேஷனுக்கு அப்புறம் தம்பி வீட்லதாம்மா இருக்கேன்" என்றார் அவர். "வீட்டுக்காரிகிட்ட போன்லதான் பேசறேன். கிட்ட போக பயமா இருக்கு. இது நான் இல்லன்னு அவளுக்குத் தோணிட்டா?"

"கலர் அச்சு அசலா வந்துடும் பாய். பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

அவர் விரலை நீட்டித் திரையில் அந்த மேட்டைத் தொட்டுக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை சிலிகான் மூக்கைப் பொருத்திவிட்டுக் கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கக்கூட இல்லை; வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பிடிக்கலையோ? மேட்டைத் தப்பாக வைத்துவிட்டேனோ?' அவள் மூக்கின் ஓரத்தை மறுபடி சரிபார்த்தாள்.

வெளியே ஆட்டோ நின்றது. தம்பி மனைவியோடு அவர் வீட்டுக்காரி கனீஸ் பாத்திமா உள்ளே வந்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

அவர் ஓடிப்போய் அவள் எதிரே நின்றார். பிறவியிலேயே பார்வையில்லாத அவளுடைய விரல்கள் அவர் நெற்றியைத் தொட்டன, புருவத்தைத் தடவின, பழகிய வழியில் போவதுபோல மூக்கைக் கடந்து, கன்னத்தில் வந்து நின்றன.

"ஏங்க அழுவுறீங்க?"