பின்னாடி எல்லாம் சரி

"பின்னாடி எல்லாம் சரி, வில்ஃப். இடது பக்கம் சுவருக்கும் சக்கரத்துக்கும் ஒரு ஜாண்தான் இருக்கு. மெதுவா இழு," என்றார் நார்மன்.

"நூத்தம்பது டன் டிரான்ஸ்ஃபார்மரை வெச்சுக்கிட்டு ஓடவா முடியும்? மெதுவாத்தான் இழுக்கறேன்," என்றது தொலைபேசியில் வில்ஃபின் குரல். "கூட வந்த போலீஸ்காரன் எங்கே?"

"டீ குடிக்கிறான்."

"அவனுக்கென்ன, அரசாங்கச் சம்பளம்."

நார்மன் சிரித்துக்கொண்டே ரிசீவரைத் தோளில் இடுக்கி, வாணலியில் கருக ஆரம்பித்திருந்த பேக்கனைத் திருப்பிப் போட்டார்.

சமையலறை மேசையில் யார்க்ஷர் சாலை வரைபடம் விரிந்து கிடந்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஹல் துறைமுகம் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. தினமும் காலை ஏழு மணிக்கு வில்ஃப் ஏதாவதொரு பழைய பயணத்தைக் கிளப்புவார். அரை மணி நேரம் இருவரும் ஃபோன் பேச்சிலேயே அந்தச் சாலையில் போவார்கள்.

வில்ஃப் ஆக்ராய்டு கனரக லாரி ஓட்டியவர். முன்னால் ஸ்கேமல் கம்பெனியின் இழுவை வண்டி, அதற்குப் பின்னால் நூறடி நீள டிரெய்லர், அதன் கடைசியில் ஒரு சின்னக் கூண்டு. அந்தக் கூண்டில் தனியாக உட்கார்ந்து பின்சக்கரங்களைத் திருப்பியவர் ஸ்டான் பாக்சன். இருவருக்கும் நடுவே ஒரு தொலைபேசிக் கம்பிதான். இருபது வருஷம் அப்படியே ஓடியது.

ஸ்டான் இறந்து மூன்று வருஷமாகிறது. அதே வருஷம் அவர் குடியிருந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் நார்மன்.

நார்மன் டாக்லி வாட்ஃபோர்டில் ஸ்கேமல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் கியர்பாக்ஸ் பூட்டியவர். ஒரு பெரிய கம்பெனி தொழிற்சாலையை வாங்கியது, பிறகு அதுவே இன்னொன்றோடு சேர்ந்தது, எண்பத்தெட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். மனைவி போன பிறகு, மகள் பக்கத்தில் இருக்கலாமென்று வடக்கே ராதர்ஹாமுக்கு வந்தார். வந்த ஆறாம் மாதம் மகள் புருஷனோடு கனடா போய்விட்டாள். அதன்பின்தான் இந்தச் சின்ன வீடு.

குடிவந்த நாலாம் நாள், பழையவர் விட்டுப்போன தொலைபேசி அடித்தது. எடுத்தார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கிழக்குரல், "பின்னாடி எப்படி இருக்கு?" என்றது.

முன்பு இங்கே இருந்து இறந்துபோன ஸ்டான் டிரெய்லர்காரர் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கேள்வியின் அர்த்தம் ஸ்கேமல்காரருக்குத் தெரியாதா? தப்பான நம்பர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எல்லாம் சரி," என்றார்.

அன்றிலிருந்து இது நடக்கிறது. தான் ஸ்டான் இல்லை என்பது வில்ஃபுக்குப் பிடிபடாததற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். அத்தனை வருஷம் அந்த என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது மந்தமாகத்தானே இருக்கும்? வில்ஃப் ஒருநாளும் ஸ்டான் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அந்தத் தொழிலின் வழக்கமாக்கும் என்று விட்டுவிட்டார்.

பேக்கனைத் தட்டில் போடும்போது வில்ஃப் சொன்னார். "சனிக்கிழமை வண்டிக் கண்காட்சிக்கு வந்துடு. நம்ம ஸ்கேமலை யாரோ வாங்கிப் புதுசாக்கி நிறுத்தியிருக்காங்க. என்னை உள்ளே உக்காரச் சொல்லியிருக்காங்க."

"எனக்கு முட்டி வலி," என்றார் நார்மன்.

"எனக்கு மட்டும் இல்லையா? வா."

மூன்று நாளும் நார்மனுக்கு இதே யோசனைதான். போகாவிட்டால் வில்ஃப் வீட்டுக்கே தேடி வருவார். போனால் முகத்தைப் பார்த்ததுமே பொய் உடைந்துவிடும், மறுநாள் ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்காது. எப்படியும் அடிக்காமல் போகப்போகிறது, தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று சனிக்கிழமை பஸ் ஏறினார்.

மழை தூறிய மைதானத்தில் ஸ்கேமல் சிவப்பாக நின்றது. என்ஜின் நிதானமாக உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் தட்டைத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நார்மன் கதவின் கீழ்ப்படியில் ஏறி நின்றார். எவ்வளவோ யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மிஸ்டர் ஆக்ராய்டு, நான் ஸ்டான் இல்லைங்க. அவர் வீட்டுல குடியிருக்கிறவன். ஸ்டான் செத்து மூணு வருஷமாச்சு. உங்ககிட்ட இத்தனை நாள் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

வில்ஃப் திரும்பவில்லை. என்ஜினை நிறுத்தினார். மைதானமே காலியானது போல இருந்தது.

"அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேர்ல நானும் ஒருத்தன்," என்றார்.

நார்மன் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். "பின்னே எதுக்குங்க அந்த நம்பருக்குக் கூப்பிட்டீங்க?"

"ஆளில்லாத வீடுதானே. அவன் வீட்டுல மணி அடிக்கிறதைக் கேட்டுட்டு வெச்சுடுவேன். ஒருநாள் நீ எடுத்துட்டே. எனக்கு வாயில வேற எதுவும் வரலை." தொப்பியைக் கழற்றிவிட்டு, வில்ஃப் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். "மூணு வருஷமா கேட்கப் பயமா இருந்துச்சு. கேட்டா ஃபோனை வெச்சுடுவியோன்னு."

"என்ன கேட்க?"

"உன் பேர் என்னப்பா?"