ஆவாரம்பட்டை வாசம்

“எண்ணூறு ரூபாயா? எட்டணா கூடக் கிடையாது!”

அப்துல் கையூம் ராவுத்தர் போட்ட சத்தம் திண்டுக்கல் பேகம்பூர் தெரு முழுக்கக் கேட்டது. எதிரே மாப்பிள்ளை நூர் அகமது தலைகுனிந்து நின்றான்.

“மூணே மாசம் மாமா. பினாங்குல நான் போட்ட சீட்டு விழுந்ததும் திருப்பி அனுப்பிருவேன். அங்க என் மொதலாளி கடையை விக்கிறாரு. இந்த மாசம் பணம் கட்டலைன்னா வேற ஆளுக்குப் போயிரும். மாடியில வீடும் இருக்கு. ஆரிபாவைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கலாம்.”

“அக்கரையில கடை வாங்குறவக அக்கரையிலயே கடன் வாங்கிக்கங்க மாப்பிள்ளை.”

கதவோரம் நின்ற ஆரிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தாவிடம் பணமில்லையா? தோல் ஷாப் முதலாளி! ஆள் வருமுன்னே, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை வாசம் வரும். அதன் பின்னாலேயே பணமும் வரும். அவளோ ஒரே மகள். உம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

இத்தனைக்கும் கடல் தாண்ட அவளுக்கு மனசே இல்லை. முந்தாநாள்கூட அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

“கடையை வாங்குங்க, வேணாங்கல. ஆனா நான் வரல. அத்தாவைத் தனியா விட்டுட்டு எப்படிங்க வாரது? ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் உண்டா?”

“கல்யாணமாகி ஆறு வருஷத்துல ஆறு மாசம்கூட நாம சேர்ந்து இருந்ததில்லையே ஆரிபா…”

“என்ன செய்யச் சொல்றீங்க? என் தலையெழுத்து அம்புட்டுதான்.”

கையூம் ராவுத்தர் அந்த நேரம் தொழுகைக்கு ஒளு செய்யக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ, இல்லையோ.

இப்போது ஆரிபா வெளியே வந்துவிட்டாள்.

“நீங்க எனக்கு அத்தாவா, இல்ல கல்லாப்பெட்டியா?”

“கல்லாப்பெட்டின்னே வச்சுக்க. பூட்டின பெட்டி!”

“இந்த மனுசனுக்காகவா நான் இங்கயே கிடக்கிறேன்னு சொன்னேன்? என்னங்க, பாஸ்போர்ட்டை எடுங்க. நானும் வாரேன்!”

பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் தாடையில் கை வைத்தாள். “ஒத்த மகளுக்கு இல்லாத காசைக் கபருக்கா கொண்டுபோகப் போறாரு?”

ரோஷமெல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது? ஆரிபாவின் நகை கப்பல் சீட்டுக்கே சரியாகிவிடும். வட்டிக்கு வாங்குவது ஹராம். நூர் அந்தப் பக்கமே போகமாட்டான்.

மறுநாள் தெருமுனையில் ஒரு குரல். “ஏ தம்பி! இங்கிட்டு வாங்க!”

வட்டிக்கடைச் சடையாண்டி. பெற்ற மகனுக்கே வட்டி போட்டவர் என்று பேர். தோல் வாடை குடலைப் புரட்டுகிறது என்று அந்தத் தெருவுக்குள் காலே வைக்காத ஆள். அன்றும் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டுதான் நின்றார்.

“எண்ணூறு தட்டுப்படுதாமே? கடைக்கு வந்து வாங்கிக்கங்க.”

“வட்டின்னா எங்களுக்கு ஆகாதுண்ணே.”

“வட்டி வேணாம். அடமானமும் வேணாம். முடிஞ்சப்ப அசலைக் குடுங்க, போதும்.” வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு சொன்னார். “ஆனா வெளிய மூச்சு விட்டீக, தெரியும் சேதி! ஊர்ல அம்புட்டுப் பயலும் வட்டியில்லாமக் கேட்டு வந்துருவான். என் பொழப்பே நாறிப்போயிரும்!”

பணத்தைத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்துப் பூட்டினான் நூர். நாகப்பட்டினத்தில் தெரிந்த கடையில் கட்டினால் பினாங்கில் அவர்கள் பங்காளி கொடுத்துவிடுவார்.

ஆரிபாவுக்கு மனசு ஆறவே இல்லை. கிளம்பும் அன்று அத்தாவிடம் நேருக்கு நேராகவே கேட்டாள்: “வட்டிக்காரருக்கு இருக்கிற ஈரம்கூட உங்களுக்கு இல்லையே அத்தா?”

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “ஷாப்புல சரக்கு வந்து கிடக்கு. டேசனுக்கெல்லாம் வர நேரமில்ல.”

“யாரும் வரவேணாம். நான் போறேன்.”

போறேன்! போயிட்டு வாரேன் என்று ஒப்புக்குக்கூட அவள் வாயில் வரவில்லை. ராவுத்தர் குனிந்து செருப்பை மாட்டப் பார்த்தார். செருப்புத்தான் காலில் மாட்டவே மாட்டேன் என்றது.

ரயில் தாமரைப்பாடி தாண்டியதும் நூர் பெட்டியைத் திறந்தான். “திருச்சியில கூட்டம் நெருக்கும். இதை நீ மடியில கட்டிக்க.”

இறுக்கிக் கட்டலாம் என்று ஆரிபா முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆவாரம்பட்டை வாசம்.

சின்ன வயசில் மிட்டாய்க்கென்று அத்தா கொடுத்த ஓரணாவில் இருந்த அதே வாசம். தோல் வாடைக்கு மூக்கைப் பொத்துகிற சடையாண்டியின் கல்லாவில் இது ஏது?

“என்ன ஆரிபா, பணம் குறையுதா?” நூர் பதறினான்.

“இது அத்தா காசுங்க…” முடிச்சை அவன் மூக்கருகே நீட்டினாள். “அன்னிக்கு அடுப்படியில நான் சொன்னதைக் கேட்டிருக்காக. கோவிச்சுக்கிட்டாவது இவ புருஷனோட போய்ச் சேரட்டும்னுதான்…”

முடிச்சை முகத்தோடு அழுத்திக்கொண்டு, ஜன்னல் வழியே திண்டுக்கல் பக்கம் திரும்பி, வீட்டில் சொல்லாமல் வந்ததைச் சொன்னாள்.

“போயிட்டு வாரேன் அத்தா.”